எடை மெஷின்

என் சித்தப்பா மகன் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ரிட்டயர் ஆனவன். மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்பைரல் பைண்டிங் செய்த பிரின்ட் அவுட்டுடன் வந்தான். கூடவே பையன்.

"அண்ணா, இவன் பேர்ல ஒன்றரைக் கோடிக்குச் சொத்து இருக்காம். நீங்க பார்த்துச் சொன்னா நம்பறேன்" என்றான்.

சொத்து என்பது 143 டொமைன் பெயர்கள். 'இது டாட் காம்', 'அது டாட் இன்' என்று இணையத்தில் முகவரியாகப் பயன்படுகிறதே, அவை. வீடு கட்டாத மனைகள் மாதிரி. பையன் ஐந்து வருஷமாக ஒவ்வொன்றாகப் பதிவு செய்து வைத்திருக்கிறான். பைண்டிங்கில் பக்கத்துக்குப் பன்னிரண்டு பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டாலர் தொகை. கடைசிப் பக்கத்தில் கூட்டல்: 1,86,400 டாலர். அதை ரூபாயில் மாற்றி, தடித்த எழுத்தில் போட்டு, கட்டமும் கட்டியிருந்தான்.

"இந்த விலையெல்லாம் யார் சொன்னது?"

"நானா போடலை பெரியப்பா. அப்ரைஸல் டூல். பேரைத் தட்டினா ரெண்டு செகண்டுல சொல்லிடும். மெஷின் லேர்னிங்."

இதுவரை எத்தனை விற்றிருக்கிறாய் என்று கேட்டேன். மோட்டுவளையைப் பார்த்தான். ஒன்று. 2022ல். நாற்பது டாலருக்கு.

சிக்கல் என்னவென்றால் பெயர்களைச் சும்மா வைத்திருக்க முடியாது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பெயருக்குச் சராசரி 1,200 ரூபாய் என்றால் 143க்கு 1,71,600. அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்திலிருந்து மூன்று லட்சம் கேட்கிறான். பாதிக்கு மேல் புதுப்பிக்க, மீதி இன்னும் பெயர் வாங்க. ஒன்றரைக் கோடியைக் காப்பாற்ற மூன்று லட்சம் பெரிசா என்பது அவன் வாதம். பெண் வீட்டாரிடம் இந்தப் பைண்டிங்கைக் காட்டலாமா என்றுகூட ஒரு யோசனை ஓடியிருக்கிறது. நல்ல வேளை, அவன் அம்மா தடுத்துவிட்டாள்.

"ரெண்டு வாரம் டயம் குடுங்கடா" என்று அனுப்பிவிட்டு, அந்த மெஷின்களை நோண்ட ஆரம்பித்தேன்.

என் சின்ன வயசில் ரயில்வே ஸ்டேஷன்களில் எடை பார்க்கிற மெஷின் நிற்கும். ஏறி நின்று காசு போட்டால் வண்ண விளக்குகள் சுழன்று, 'டக்'கென்று ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை. மறு பக்கம் ஜோசியம்: தாராள மனது, எதிர்பாராத தனலாபம். எடை ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கும், பாதகமில்லை. ஜோசியத்தை நம்பி யாரும் கடன் வாங்கியதில்லை. டொமைன் மெஷின்களின் அடிப்படைக் கோளாறு, இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சடித்துத் தருவது.

முதலில் எடைப் பக்கம். இந்தத் துறையில் எஸ்டிபாட் என்பது பழைய பெயர். 2017ல் பெயர் பதிவு செய்யும் கோடாடி நிறுவனமும் நியூரல் நெட்வொர்க் வைத்து ஒன்றை வெளியிட்டது. இன்னும் பல உண்டு. இப்போது சாட்பாட்களைக் கேட்டாலும் கூசாமல் ஒரு தொகை சொல்கின்றன. உள்ளே நடப்பது பெரிய ரகசியமில்லை. பெயரில் எத்தனை எழுத்து? நடுவில் கோடோ எண்ணோ உண்டா? அகராதியில் உள்ள சொல்லா? முடிவது டாட் காமிலா, வேறெதிலா? அந்தச் சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள்? அதன் பக்கத்தில் விளம்பரம் போட ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு கேட்கிறார்கள்? அதே பெயர் டாட் நெட், டாட் இன் என்று வேறு வால்களோடு எத்தனை இடத்தில் பதிவாகியிருக்கிறது? அதே சாயலில் உள்ள பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின? கடைசிக் கேள்விக்கு, வெளியே தெரிந்த விற்பனைகளைத் தொகுத்து வைத்திருக்கும் நேம்பயோ போன்ற பட்டியல்கள் உதவுகின்றன. எல்லாவற்றையும் குலுக்கிப் போட்டு ஒரு எண்.

இது நாணயமான வேலைதான். தினமும் பல்லாயிரம் பெயர்கள் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி மறுபடி சந்தைக்கு வருகின்றன. அத்தனையையும் மனிதர் உட்கார்ந்து படிக்க முடியாது. நெல்லையும் பதரையும் முறத்தில் புடைக்கிற மாதிரி, 'இந்த ஐம்பதை மட்டும் பார், மீதியை விடு' என்று ஒதுக்கித் தர மெஷின் போதும். இரண்டு பெயரில் எது மேல் என்று கேட்டால், பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. சந்தையில் புரள்கிறவர்கள் அதற்குத்தான் இதைப் பயன்படுத்துகிறார்கள். விலையை அவர்கள் அதனிடம் கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் பையனுக்கு யாரும் சொல்லவில்லை.

முறம் எங்கே விலைச்சீட்டு ஆகிறதோ, அங்கே தகராறு தொடங்குகிறது.

மாட்டுச் சந்தை பார்த்திருப்பீர்கள். தரகரும் வாங்குகிறவரும் ஒரு துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்குத் துண்டு ஆடுவது மட்டும் தெரியும். டொமைன் வியாபாரமும் பெருமளவு துண்டுக்கு அடியில் நடப்பதுதான். நல்ல பெயர்களை வாங்கும் கம்பெனிகள் விலையை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்கின்றன. மெஷினுக்குப் பாடம் நடத்தப் பயன்படுவது துண்டுக்கு வெளியே வந்த விலைகள். ஏலத்தில் போனவை, விற்றவர் பெருமைக்காகச் சொன்னவை.

அதைவிடப் பெரிய ஓட்டை, விற்காதவை. பட்டியலில் விற்ற பெயர்கள் மட்டும்தான் உண்டு. விற்பனைக்கு வைத்து, பத்து வருஷம் புதுப்பித்து, அலுத்துப் போய் விட்டுவிட்ட பெயருக்கு அதில் வரி இல்லை. இந்தத் தொழில்காரர்களே சொல்லும் கணக்கு, வைத்திருக்கும் பெயர்களில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ விற்றால் புண்ணியம். ஆகவே மெஷின் '1,300 டாலர்' என்று சொன்னால் அதன் உண்மையான பொருள், 'இது விற்றால், விற்றவற்றின் சாயலில் விற்றால், அநேகமாக 1,300'. அந்த 'விற்றால்' சின்ன எழுத்தில்கூட அச்சாவதில்லை. பையன் 143 'விற்றால்'களைக் கூட்டி ஒன்றரைக் கோடி ஆக்கியிருந்தான். கூட்டலில் தப்பில்லை. நூற்றுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டால் வருஷத்துக்கு ஒன்றரைப் பெயர் விற்கும். மெஷின் சொன்ன விலைக்கே விற்றாலும் ஏறக்குறைய இரண்டாயிரம் டாலர். புதுப்பிக்கும் செலவும் கிட்டத்தட்ட அதே. ஒன்றரைக் கோடி எங்கே போயிற்று?

தங்கத்துக்கு உரைகல் உண்டு. ஒரு கிராம் தங்கம் இன்னொரு கிராம் மாதிரியேதான் இருக்கும். பெயர் அப்படியில்லை. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்று. அது யாருக்கு, எந்த நாளில், எவ்வளவு அவசரமாக வேண்டும் என்பதுதான் விலை. உதாரணத்துக்கு எலக்ட்ரிக் கார் செய்யும் டெஸ்லா. அவர்களுக்கு 2016 வரை டெஸ்லா டாட் காம் கிடையாது. வேறொருவர் 1992லேயே பதிவு செய்து வைத்திருந்தார். டெஸ்லா மோட்டார்ஸ் டாட் காமை வைத்து ஒப்பேற்றினார்கள். கடைசியில் அந்தப் பெயரை வாங்கப் பத்து வருஷமும் 1.1 கோடி டாலரும் ஆயிற்று என்று ஈலான் மஸ்க் 2018ல் சொன்னார். அந்தப் பெயர் வேறு யாருக்கு அவ்வளவு பெறும்? டெஸ்லா பேரில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருப்பவருக்கு?

இன்னும் விசித்திரம் 2007ல் நடந்தது. விடுமுறைக்கு வீடு வாடகைக்குத் தரும் ஹோம்அவே என்ற அமெரிக்க கம்பெனி, வெகேஷன் ரென்டல்ஸ் டாட் காமை 3.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஏன் என்று அதன் தலைவர் பிற்பாடு ஒளிக்காமல் சொன்னார்: போட்டியாளரான எக்ஸ்பீடியாவிடம் அது போய்விடக்கூடாது என்பதற்காக. எதிராளி மேல் இருக்கிற பயத்துக்கு எத்தனை எழுத்து, க்ளிக்குக்கு எவ்வளவு? மெஷினிடம் அந்தக் காலமே கிடையாது.

பிஸினஸ் டாட் காம் 1997ல் ஒன்றரை லட்சம் டாலருக்குக் கை மாறியது. அப்போதே 'பைத்தியக்கார விலை' என்று பேச்சு. 1999ல் அதே பெயர் 75 லட்சம் டாலர். இரண்டு வருஷத்தில் ஐம்பது மடங்கு. பெயரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது ஊர். டாட் காம் ஜுரத்தின் உச்சம் அது.

ஜுரம் என்றதும் இன்னொன்று. 2015ன் கடைசியில் சீன முதலீட்டாளர்கள் நான்கெழுத்து டாட் காம்களை மொத்தமாக வாங்க ஆரம்பித்தார்கள். ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் கூடாது, 'வி'யும் கூடாது. சீனச் சொற்களை ரோமன் எழுத்தில் சுருக்கும்போது அவை முதலெழுத்தாக அனேகமாக வராது என்பது காரணம். இங்கிலீஷ்காரன் வாயில் நுழையாத பெயர்கள் சில மாதங்களில் பல மடங்கு ஏறின. 2016ல் இறங்கின. ஏறும்போது மெஷினுக்குத் தெரியாது, ஏனென்றால் அதற்குப் பாடம் பழைய விலை. இறங்கும்போதும் தெரியாது, ஏனென்றால் அப்போதுதான் ஏறிய விலையைப் படித்து முடித்திருக்கும். பஸ் போன பிறகு டைம் டேபிள் மனப்பாடம் செய்கிற பையன்.

என் தம்பி மகனின் பைண்டிங்கிலேயே இந்த ஜுரங்கள் மண் அடுக்குகள் மாதிரி தெரிந்தன. 2020 பக்கங்களில் கோவிட், மாஸ்க், சானிடைஸர். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் கம்பெனிப் பெயரை மெட்டா என்று மாற்றிய அடுத்த வாரம் பதினேழு 'மெட்டா'. 2023க்குப் பிறகு எல்லாம் 'ஏஐ'. டாட் ஏஐ என்பது கரீபியன் கடலில் உள்ள ஆங்குயிலா என்ற குட்டித் தீவின் வால். சாட்ஜிபிடி வந்த புண்ணியத்தில் 2023ல் அந்தத் தீவு அரசாங்கத்தின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெயர் பதிவுக் கட்டணமாக வந்தது. லாட்டரி அடித்தது தீவுக்கு. பையனுக்கில்லை. அவனுடைய பதினேழு மெட்டாவுக்கும் மெஷின் இன்னமும் ஆளுக்கு எண்ணூறு, தொள்ளாயிரம் என்று சலுகை காட்டிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்ப் பெயர்களை அது படிக்கும் அழகு தனிக்கதை. டொமைன் பெயரில் இடைவெளி கிடையாது. சேர்ந்தாற்போல் கிடக்கும் எழுத்துகளை மெஷின் தானே வெட்டிச் சொல்லாக்க வேண்டும். இங்கிலீஷிலேயே இது கண்டம். எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்று கம்ப்யூட்டர் புரோகிராமர்களின் கேள்வி பதில் தளம் ஒன்று. சேர்த்து எழுதினால் ஏதோ பாலினமாற்று அறுவை சிகிச்சை நிபுணர் மாதிரி படிக்க முடிந்தது. பிறகு நடுவில் கோடு போட்டுக்கொண்டார்கள். தமிழை ரோமன் எழுத்தில் எழுதினால் கேட்கவே வேண்டாம். தேன் என்பதை டி-எச்-இ-என் என்று எழுதுவோம், அது இங்கிலீஷில் 'அப்புறம்'. பால் என்பது பி-ஏ-எல், அது 'தோழன்'. மண், அங்கே 'மனிதன்'. தேன்கடை என்று பெயர் வைத்தால், 'அப்புறம்' என்ற சொல்லை எத்தனை கோடிப் பேர் தேடுகிறார்கள் என்ற கணக்கு அதற்குள் புகுந்துவிட இடமுண்டு. எதிர்த்திசையிலும் அநியாயம்தான். ஒரே 'வாழை'யை நாம் இசட்-எச், எல், சமயத்தில் இரட்டை ஏ, ஒற்றை ஏ என்று நாலு விதமாய் எழுதுகிறோம். தேடுகிறவர்கள் எண்ணிக்கை நாலாகப் பிரிந்து, எதுவும் மெஷின் கண்ணில் படாமல் போகும். தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று முடியும் பெயர்களும் உண்டு. அவை உள்ளே போகும்போது 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு கோடு போட்டு அர்த்தமற்ற ரோமன் எழுத்துச் சரமாக மாறிவிடும். நீளம், கோடு, அகராதிச் சொல் என்று பார்க்கிற மெஷினுக்கு அதைவிட மட்டமான பெயர் இருக்க முடியாது. கும்பகோணத்துக்காரர் ஒருவருக்கு அது குலதெய்வத்தின் பெயராக இருக்கலாம்.

'சார், எங்கள் மெஷினைச் சோதித்துப் பார்த்தோம், விற்ற விலைக்கு வெகு பக்கத்தில் சொல்கிறது' என்பார்கள். நானும் சோதித்தேன். பத்திரிகையில் வந்த விற்பனைகள் சிலவற்றைத் தட்டினேன். அட்டகாசமாகச் சொன்னது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த விற்பனைகள் ஏற்கெனவே அதன் பாடப்புத்தகத்தில் இருக்கும். வினாத்தாளைப் பார்த்துவிட்டு எழுதின பரீட்சை. நியாயமான சோதனை என்றால், இன்று ஆயிரம் பெயருக்கு விலை எழுதிக் கவரில் ஒட்டி வைத்து, மூன்று வருஷம் காத்திருந்து, விற்றதையும் விற்காததையும் சேர்த்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட மார்க் ஷீட் எதுவும் விலைக்குப் பக்கத்தில் தொங்கி நான் பார்க்கவில்லை. 'இருநூறிலிருந்து ஆறாயிரம் வரை' என்று அகலமாகச் சொல்லியிருந்தால்கூட மன்னிக்கலாம். 1,347 என்று சொல்கிறது. அந்தக் கடைசி ஏழு டாலர்தான் அயோக்கியத்தனம். ஏழு வரைக்கும் எண்ணியிருக்கிறான், சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றிவிடும்.

இதில் வீடுகள் எவ்வளவோ தேவலை. வீட்டுக்கு சதுர அடி உண்டு, தெரு உண்டு, பக்கத்து வீடு போன விலை உண்டு. அமெரிக்காவில் ஸில்லோ என்ற கம்பெனி 2006 முதல் வீடுகளுக்கு இப்படி மெஷின் விலை சொல்லி வருகிறது. அவர்கள் தப்பின் அளவையும் வெளியிடுகிறார்கள், பாராட்ட வேண்டும். விற்பனைக்கு வந்த வீடுகளில் நடுவாந்தரத் தவறு சுமார் 2 சதவீதம். வராத வீடுகளில் சுமார் 7. சொந்தக்காரர் கேட்கிற விலையைப் பலகையில் எழுதியதும் மெஷினுக்கு ஞானம் பிறந்துவிடுகிறது, கவனித்தீர்களா? 2016ல் அந்தக் கம்பெனியின் தலைவரே சியாட்டிலில் தன் வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். அவர் மெஷின் அதற்குச் சொன்ன மதிப்பு 17.5 லட்சம். இதோடு விட்டிருக்கலாம். 2018லிருந்து ஸில்லோ தானே வீடுகளை வாங்கி விற்க இறங்கியது, மெஷின் விலையைத் துணையாக வைத்துக்கொண்டு. 2021 நவம்பரில் கடையைக் கட்டினார்கள். ஒரே காலாண்டில் வாங்கிய வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. ஊழியர்களில் நாலில் ஒருவருக்கு வேலை போயிற்று. தன் மெஷின் சொன்னதைத் தானே நம்பிப் பணம் போட்டுப் பார்த்தார்கள், அந்த வகையில் யோக்கியர்கள். நான் பார்த்த டொமைன் மெஷின் எதுவும், 'இதோ நான் சொன்ன விலை, இந்தா பிடி, பெயரைக் கொடு' என்று சொல்வதில்லை.

ஏன் சொல்ல வேண்டும்? தராசு வைத்திருப்பவர் பல இடங்களில் கடைக்காரரும்கூட. பெயர் பதிவு செய்யும் தளங்கள், ஏலம் நடத்தும் தளங்கள், விற்றுத்தந்து கமிஷன் வாங்கும் தளங்கள். 'உங்கள் பெயரின் மதிப்பு 1,500 டாலர்' என்ற வரிக்குக் கீழேயே 'புதுப்பிக்க இங்கே அழுத்தவும்' என்றால், யார்தான் அழுத்த மாட்டார்கள்? இது மோசடி என்று நான் சொல்லவில்லை. அந்த எண் கூடுதலாக இருந்தால் அவர்களில் யாருக்கும் நஷ்டமில்லை, அவ்வளவுதான். பத்திர ஆபீஸ் வழிகாட்டி மதிப்பு எவ்வளவு அபத்தமாக இருந்தாலும், அரசாங்கம் உங்கள் மனையை விற்கிற வியாபாரி இல்லை.

அசல் மோசடி வேறு ரகம், அது பழசு. 'உங்கள் பெயரை 9,000 டாலருக்கு வாங்கிக்கொள்கிறேன். என் முதலீட்டாளருக்குக் காட்ட மதிப்பீட்டுச் சான்றிதழ் மட்டும் வேண்டும். இலவச மெஷின் சான்றிதழ் செல்லாது, நிபுணர் கையெழுத்துப் போட்டது வேண்டும், அதை இன்ன இடத்தில் வாங்கலாம்' என்று மெயில் வரும். சான்றிதழுக்குப் பணம் கட்டியதும் வாங்குகிறவர் ஆவியாகிவிடுவார். பையனுக்கும் வந்திருக்கிறது. அறுபது டாலர் போயிருக்கிறது. அப்பாவுக்கு இது தெரியாது என்று கண்ஜாடை காட்டினான். இதில் வேடிக்கை, மெஷினை நம்பாதே என்று அவனுக்கு முதலில் சொன்னவன் அந்தத் திருடன்தான்.

ஆனால் இந்த மெஷின்கள் மேல் எனக்குள்ள உண்மையான புகார், தப்பாகச் சொல்வது அல்ல. மனிதர்களும் தப்பாகத்தான் சொல்கிறார்கள். ஒரு எண் கண்ணில் பட்டுவிட்டால் அது போவதில்லை. 1987ல் அமெரிக்காவில் அரிஸோனாவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ரியல் எஸ்டேட் ஏஜென்டுகளை ஒரே வீட்டைப் பார்க்க வைத்தார்கள். கையில் கொடுத்த தாளில் வீட்டுக்காரர் கேட்கும் விலை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அந்த எண் கூடினால் அவர்கள் மதிப்பீடும் கூடியது, குறைந்தால் குறைந்தது. பழம் தின்று கொட்டை போட்ட ஏஜென்டுகள். கேட்டபோது, அந்த எண்ணையெல்லாம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். அவர்கள் கதியே இதுவென்றால், நம் பையன் எம்மாத்திரம்?

இரண்டு வாரம் கழித்து அப்பனும் பிள்ளையும் வந்தார்கள். பையனிடம் ஒரே ஒரு காரியம் சொன்னேன். "மெஷின் விலையையெல்லாம் அடிச்சுடு. ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல, இதை வாங்கக்கூடிய ஆள் யாருன்னு எழுது. 'யாராவது ஒரு ஸ்டார்ட் அப்'னு எழுதக் கூடாது. ஊர், பேர், கடை. எழுத முடியாததை விட்டுடு."

"பெரியப்பா, நாளைக்கு யாராவது பெரிய கம்பெனி அந்தப் பேர்ல ஆரம்பிச்சா?"

"ஆரம்பிக்கட்டும். கூகுள்ங்கறது கணக்குல வர்ற ஒரு வார்த்தையோட ஸ்பெல்லிங் மிஸ்டேக். 1997ல அதைப் பதிவு பண்ணினவங்க எந்த மெஷினையும் கேக்கலை."

இது அவ்வளவு நியாயமான பதில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. கம்பெனி வளர்ந்து பெயருக்குக் கிடைத்த மதிப்பு வேறு, பெயராகக் கிடக்கும்போது உள்ள மதிப்பு வேறு. மெஷின் சொல்ல முயல்வது இரண்டாவதை. ஆனால் அவன் அடங்கினான், அதனால் திருத்தவில்லை.

அழாத குறையாக உட்கார்ந்து எழுதினான். 143ல் பதினொன்று தேறியது. அப்பா 13,200 ரூபாய் கொடுத்தார். மீதி 132ஐ ஒவ்வொன்றாக விட்டுவிட்டான். பதினேழு மெட்டாவையும் விடும்போது மட்டும், வளர்த்த கன்றை விற்றவன் மாதிரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

பதினொன்றில் ஒன்று ஊர்ப்பெயரும் பேக்கரியும் சேர்ந்த டாட் காம். போன மாதம் அதே ஊரிலிருந்து அதே மாதிரிப் பெயருள்ள பேக்கரிக்காரர் ஒருவர் மெயில் போட்டார். பதினைந்தாயிரம் ரூபாய் தருகிறேன், கொடுப்பீர்களா என்று. பையன் போன் செய்தான்.

"குடுத்துடுடா" என்றேன்.

"மெஷின் 1,840 டாலர்ங்குது பெரியப்பா. இவர் பத்துல ஒரு பங்குக்குக் கேக்கறார்."

"அதைத்தான் அடிக்கச் சொன்னேனே."

"அடிச்சுட்டேன். ஞாபகம் இருக்கு."

1,500 டாலர் என்று பதில் போட்டிருக்கிறான். மறுமொழி இல்லை. நாலு நாள் கழித்துப் பார்த்தால், பேக்கரிக்காரர் அதே பெயரை டாட் இன்னில் சில நூறு ரூபாய்க்குப் பதிவு செய்து, தேங்காய் பன் படம் போட்டு வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார்.

நேற்று அந்த டாட் காமை மெஷினில் தட்டிப் பார்த்தேன். 1,910 என்றது. வேறு வாலோடு இன்னொரு இடத்தில் பதிவாகியிருக்கிறது அல்லவா, அதனால் ஏறியிருக்க வேண்டும்.